'ஜஸ்ட் எ மினிட்' வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பே, பாசிக்குடா பக்கம் வெளிநாட்டு விருந்தினரோடு வேலை செய்பவர்கள், காத்திருக்கச் சொல்லும்போது 'ஜஸ்ட் எ மினிட்' என்பதை விட்டுவிட்டு நேரத்தை எண்ணோடு சொல்லுங்கள்: 'அபவுட் ட்வென்ட்டி மினிட்ஸ்'. கொத்துரொட்டி வர 20 நிமிடம் என்றால் 25 என்றே சொல்லலாம். முந்தி வந்தால் யாரும் கோபிப்பதில்லை.

'இன் எ செகண்ட்', 'இன் எ ஜிஃபி' இரண்டும் அவர்கள் காதில் உடனே வருவதாகத்தான் விழும். 'எ கப்பிள் ஆஃப் மினிட்ஸ்' என்றால் இரண்டு மூன்று நிமிடம், 'எ ஃபியூ மினிட்ஸ்' அதைவிடச் சற்றுக் கூட. நாங்கள் 'இந்தா வாறன்' என்று சொல்லிப்போட்டு ஒரு பிளேன்ரீயும் குடித்துவிட்டு வரும் நேரம் இதில் எதற்குள்ளும் அடங்காது! ஆட்டோக்காரர்கள் 'இன்', 'ஃபார்' இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. 'ஐ வில் கம் இன் டென் மினிட்ஸ்' என்றால் பத்து நிமிடத்தில் வருவேன். 'இன்'னுக்குப் பதில் 'ஃபார்' போட்டால் பத்து நிமிடம் மட்டும் இருந்துவிட்டுப் போய்விடுவேன் என்றாகிவிடும்.

மிச்சக்காசு எண்ணுவது போன்ற, கண் முன்னால் முடியும் வேலைக்கு எண் தேவையில்லை, 'ஒன் மொமென்ட்' போதும். விருந்தினர் பில்லைப் பார்த்து 'வெயிட் எ மினிட்' என்றால் அவர் நேரம் கேட்கவில்லை, கணக்கில் ஏதோ இடிக்கிறது. பில்லை வாங்கிச் சரிபாருங்கள். தென்னாபிரிக்கர் 'ஜஸ்ட் நவ்' என்றால் பெரும்பாலும் 'பிறகு' என்றுதான் அர்த்தம், வண்டியை ஸ்டார்ட் பண்ண முன் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.