டிரை நீட்லிங் பண்ணிக்கப் போறீங்களா? ஊசி ஏறினா தசை ஏன் துள்ளுது, முன்னாடி பின்னாடி என்ன பண்ணணும்

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல விரல வெச்சு உருட்டிப் பாருங்க, கயிறு மாதிரி ஒரு தசை நழுவும், அதுல ஒரே ஒரு எடத்த அமுக்கினா மட்டும் சுளீர்னு வலிக்கும், சில பேருக்கு அது காதுக்குப் பின்னாடி ஏறி நெத்திப்பொட்டு வரைக்கும் போகும். இதத்தான் ட்ரிகர் பாயிண்ட்னு சொல்றோம், இந்த எடத்துல ஊசி ஏத்தறதுதான் டிரை நீட்லிங். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடியோ தையல் மெஷின் முன்னாடியோ குனிஞ்சு உக்காந்திருக்கவங்ககிட்ட ரொம்ப சகஜம்.

சும்மா தளர்வா இருக்கற தசைல கரண்ட் நடமாட்டமே இருக்கக் கூடாது. ஆனா 1993ல ஹப்பார்ட், பெர்க்காஃப்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ட்ரிகர் பாயிண்டுக்குள்ள ஈஎம்ஜி ஊசிய, அதாவது தசையோட மின்சார சிக்னல அளக்கற ஊசிய, விட்டுப் பாத்தப்போ அந்த எடம் மட்டும் ஓயாம சிக்னல் குடுத்துட்டே இருந்துச்சு, பக்கத்துல வலியில்லாத தசை இழைங்க அமைதியா இருந்துச்சு. நரம்பு தசையோட சேர்ற எடத்துல தசையச் சுருங்கச் சொல்ற அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனம் அளவுக்கு மீறி கசியறதால தான் அங்க தசை சுருங்கியே கெடக்குதுங்கறது பலர் ஒத்துக்கற விளக்கம், ஆனா இன்னும் முழுசா நிரூபணம் ஆகல, ட்ரிகர் பாயிண்ட்னு ஒண்ணே கெடையாதுன்னு சண்டை போடறவங்களும் இருக்காங்க.

டிரை நீட்லிங்ல மருந்து எதுவும் உள்ள போகாது, வெறும் ஊசிதான். கென்னடிக்கு வெள்ளை மாளிகைல டாக்டரா இருந்த ஜேனட் டிராவல் இந்த எடங்கள்ல மரத்துப்போற மருந்து போட்டுட்டு இருந்தாங்க, மருந்து இல்லாமலே ஊசியே வலியக் குறைக்குதுன்னு 1979ல எழுதினது செக் நாட்டு டாக்டர் கேரல் லெவிட்.

போறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டுப் போங்க, வெறும் வயித்தோட வந்து மயக்கம் போடறவங்க நெறைய. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, கர்ப்பமா இருக்கீங்களா, அந்த எடத்துல புண்ணோ வீக்கமோ இருக்கா, எல்லாத்தையும் மொதல்லயே சொல்லிடுங்க. ஊசி புதுசா பாக்கெட் பிரிச்சு எடுக்கறாங்களான்னு பாருங்க, கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க.

தோள்பட்டைல பண்றப்போ குப்புறப் படுக்க வெச்சு அந்த தசைய மட்டும் கட்டை விரலுக்கும் மத்த விரல்களுக்கும் நடுவுல இடுக்கித் தூக்கிப் பிடிப்பாங்க, பிளாஸ்டிக் குழாய் வழியா ஊசியத் தட்டி ஏத்துவாங்க. தூக்கிப் பிடிக்கறது சும்மா இல்ல, கீழ நுரையீரல் இருக்கு, ஊசி ஆழமாப் போச்சுன்னா காத்து லீக் ஆகும். அதனால யூட்யூப் பாத்துட்டு வீட்ல நீங்களே குத்திக்கறது கண்டிப்பா வேணாம், ஊசி ஆன்லைன்ல கெடைக்குதுங்கறதெல்லாம் ஒரு காரணமே இல்ல.

சரியான எடத்துல பட்டா தசை திடுக்னு ஒரு துள்ளு துள்ளும், நம்ம கன்ட்ரோல்ல இல்ல, தண்டுவடம் வழியா வர்ற ரிஃப்ளெக்ஸ் அது. பயப்படாதீங்க, உடம்ப இறுக்காம மூச்ச விடுங்க. முயல் தசைல பண்ண ஆராய்ச்சில ஊசிக்கு அப்புறம் அந்த ஓயாத சிக்னல் குறைஞ்சுது, மனுஷங்ககிட்ட ஜே ஷா குழு 2005ல பாத்தப்போ துள்ளலுக்கு அப்புறம் வலிய உண்டாக்கற சப்ஸ்டன்ஸ் பி அளவு எறங்குச்சு. அதுக்காக துள்ளியே ஆகணும்னு பத்து தடவ குத்தச் சொல்லாதீங்க, துள்ளாமலும் குறையறவங்க இருக்காங்க, அதிகமா குத்தினா மறுநாள் வலிதான் மிச்சம்.

எல்லாரும் கோட்ட விடற எடம் இதுக்கப்புறம்தான். 2004ல வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆராய்ச்சில கையத் தூக்கறப்போ தோள் தசைங்க எந்த வரிசைல வேலைக்கு வருதுன்னு பாத்தாங்க, அமுக்காத வரைக்கும் வலிக்காத மறைஞ்ச ட்ரிகர் பாயிண்ட் இருந்தாக்கூட அந்த வரிசை மாறியிருந்துச்சு, நீட்லிங்கும் ஸ்ட்ரெட்ச்சும் சேத்துப் பண்ணதும் சரியாச்சு. ஊசி மட்டும் இல்ல, ஸ்ட்ரெட்ச்சும் கூட இருந்துச்சுங்கறத கவனிங்க. அதனால அன்னிக்கே கழுத்த மெதுவா ரெண்டு பக்கமும் சாய்ங்க, கைய மேல தூக்கி எறக்குங்க, வெந்நீர் ஒத்தடம் குடுங்க. ஜிம்ல வெயிட் தூக்கறத ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. அடிபட்ட மாதிரி ஒரு வலி ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும், அது நார்மல். மூச்சு வாங்கறது, நெஞ்சு குத்தறது நார்மல் இல்ல, ஊசி போட்ட பிசியோதெரபிஸ்டுக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டு உக்காராம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

ரெண்டு மூணு சிட்டிங் ஆகியும் ஒரு மாத்தமும் தெரியலேன்னா ஊசிய நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, கூடவே கை மரத்துப்போகுது, பிடிமானம் குறையுதுன்னா ரெண்டாவது சிட்டிங் வரைக்கும் கூடக் காத்திருக்காதீங்க, கழுத்துல நரம்பு அமுங்கியிருக்கலாம்.