புதுப்பித்த பழைய ஃபிளாட்டை வாடகைக்குப் பிடிக்கும் முன்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம், சுக்கிரவார்பேட்டை பக்கம் மலையாளம், தெலுங்கு, குஜராத்தி பேசுகிறவர்கள் எல்லாம் கலந்து குடியிருக்கும் தெருக்களில், பழைய ஃபிளாட்டுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறார்கள். பளிச்சென்ற பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் பாத்ரூம். பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டியிருந்தால் தரைச்சாய்வு கெட்டுத் தண்ணீர் தேங்கும். ஒரு பக்கெட் ஊற்றிப் பாருங்கள். அதையொட்டிய படுக்கையறைச் சுவரைத் தரையிலிருந்து ஓரடி உயரம்வரை விரலால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டாலோ, பெயின்ட் உப்பியிருந்தாலோ உள்ளே கசிவு என்று சந்தேகப்படுங்கள்.

சுவிட்ச் புதுசு, உள்ளே வயர் பழசு என்பது ரொம்ப சகஜம். கீசரையும் ஏசியையும் சேர்த்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். லைட் மங்கினால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் குடிபோக வேண்டாம்.

ஈபி மீட்டர் தனியா என்று கேளுங்கள். பொது மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கான 100 யூனிட் இலவசம் பங்காகிவிடும். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அசைவம் சமைக்கலாமா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

2017 வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. சுவரின் போட்டோக்களை அக்ரிமென்ட்டோடு இணைத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்யும்போது பிடித்தம் பற்றிய தகராறு குறையும்.