கீழடிக் கரித்துண்டின் வயது: வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பும்போது அக்கா மகள் கேட்டாள்: "கரித்துண்டுக்கு எப்படி மாமா வயசு சொல்றாங்க?" 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரியின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று சொன்னதும், 2019-ல் ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததும் நினைவிருக்கும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்கு வந்ததும் உண்டியலைக் கவிழ்த்தோம்.

முதலில் காசு விளையாட்டு

64 காசுகளைக் குலுக்கிக் கொட்டுங்கள். பூ விழுந்ததை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தை மறுபடி குலுக்குங்கள். எங்களுக்கு 64, 35, 16, 9, 4 என்று குறைந்தது. எந்தக் காசு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒரு குலுக்கலுக்குக் கிட்டத்தட்ட பாதி போகும் என்று மட்டும் சொல்லலாம்.

கார்பனில் மிகச் சிறு பங்கு, தானாகவே சிதைந்து குறையும் கார்பன்-14 என்ற வகை. அதன் அணுக்களும் இந்தக் காசுகள் போலத்தான். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து அதை எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டியதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டுகளில் பாதி போய்விடும். இதுதான் அரை ஆயுட்காலம். "அப்ப 11460 வருஷத்துல எல்லாம் தீந்துடும்" என்றாள். தீராது, கால்வாசி மிச்சமிருக்கும். எல்லாரும் சறுக்குகிற இடம் இது.

அப்புறம் கணக்கு

வயது = 5730 × லாக்(100 ÷ மிச்ச சதவீதம்) ÷ லாக் 2 (லாக் என்பது கால்குலேட்டரில் இருக்கும் log பட்டன்; மிச்ச சதவீதம் என்பது இன்னும் சிதையாமல் இருக்கும் கார்பன்-14)

ஒரு கரித்துண்டில் 74 சதவீதம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 100 ÷ 74 = 1.351. அதன் லாக் 0.1308. லாக் 2, அதாவது 0.3010-ஆல் வகுத்தால் 0.4345. 5730-ஆல் பெருக்கினால் சுமார் 2490 ஆண்டு. போன் கால்குலேட்டரே போதும்.

இப்போது 74-க்குப் பதில் 75 போடுங்கள். 2378 வரும். ஒரே ஒரு சதவீதம், 110 வருஷத்தை விழுங்கிவிட்டது! அதனால்தான் அணுக்களை எண்ணுவதற்கு அவ்வளவு பெரிய கருவி.

கணக்கோடு முடியாது

ஆய்வகங்கள் பழைய வழக்கப்படி 5730-க்குப் பதில் 5568 என்றே போடுகின்றன. நம் கரிக்கு சுமார் 2420 வரும். இதை 1950-லிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அதுவும் இறுதி விடை இல்லை. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆகவே மர வளையங்களை எண்ணித் தயாரித்த திருத்த வரைகோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். சங்கடம் என்னவென்றால், கி.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது, அதாவது அந்த 400 வருஷத்தில் எந்த வருஷத்துக் கரியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் தரும். கீழடியின் 580 சரியாக அங்கேதான் விழுகிறது. அந்த இடத்தில் ஒற்றை வருஷத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது வீண் என்பது என் கட்சி.

எதற்கு வயது பார்க்கலாம்? பானை ஓட்டுக்கு முடியாது, அது சுட்ட மண். உள்ளே இருக்கும் நெல்லுக்கு முடியும். பழனி பக்கம் பொருந்தலில் பானைக்குள் கிடைத்த நெல்லுக்குத்தான் கி.மு. 490 என்று வந்தது. கரியைவிட நெல் நல்ல சாட்சி. அது ஒரு போகத்துப் பயிர். கரியோ, நூறு வருஷ மரத்தின் நடு வைரமாக (உள்ளே இறுகிய பழைய கட்டையாக) இருந்தால், அடுப்பு எரிந்த காலத்தை விட்டுவிட்டு அந்த வைரம் விளைந்த காலத்தைச் சொல்லும்.

அவள் அதற்குள் 100 ÷ 100 போட்டுப் பார்த்துவிட்டாள். லாக் 1, பூஜ்யம். "இப்ப வெட்டுன மரம்!"