ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே டிஸ்க் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோவர்ட் ஹாக்ஸின் இந்த 1940 படத்தில் கேரி கிரான்ட்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் ஏறிப் பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் படமே. ‘வசனம் புரியவில்லை, பழைய படம் அப்படித்தான்’ என்று பாதியில் நிறுத்துபவர்களின் கையில் இருப்பது அநேகமாக மோசமான டிஸ்க்தான்.

விலையை மட்டும் பார்ப்பது

அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். 1968-இல் இந்தப் படத்துக்கு அதை யாரும் செய்யவில்லை. அதன்பின் அங்கே கிடைத்த பிரிண்டை யார் வேண்டுமானாலும் பதிந்து விற்கலாம் என்றாகிவிட்டது. நல்ல மூலப் பிரதிகளோ படத்தைத் தயாரித்த கொலம்பியா நிறுவனத்திடம்தான். மற்றவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் திரையரங்கின் 35 மி.மீ. ஃபிலிமைவிடக் குறுகலான 16 மி.மீ. நகல்கள்.

நகலுக்கு நகல் எடுத்தால் வெள்ளை வெளிறும், நிழல் கறுத்து அடைத்துக்கொள்ளும். ரஸ்ஸலின் கோடு போட்ட கோட்டில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒலிக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 16 மி.மீ. 36 அடிதான். ஒலிப்பட்டைக்கு இடம் குறைவதால் உயர்ந்த ஒலிகள் மங்கி, ‘ஸ்’, ‘ஃப்’ போன்றவை கரைந்துபோகும். இருவர் சேர்ந்து பேசினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். நடிகர்கள் உயிரைக் கொடுத்துப் பேசியதை இப்படிப் பாழாக்கி விற்பதை மன்னிக்கவே முடியவில்லை.

அட்டையில் ‘ரீமாஸ்டர்டு’ என்று யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். பின்பக்கம் வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். பழைய படங்களைச் சீரமைத்து வெளியிடும் அமெரிக்க நிறுவனமான க்ரைட்டீரியன் 2017-இல் வெளியிட்ட, இரண்டு ப்ளூ-ரே டிஸ்க் கொண்ட தொகுப்பை நம்பி வாங்கலாம். இந்தப் படத்துக்கு மூலமான ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ நாடகத்திலிருந்து எடுத்த 1931 படமும் அதில் உண்டு. டிவிடிதான் வேண்டுமென்றால் கொலம்பியாவின் சொந்த வெளியீடு.

மண்டலக் குறியைக் கவனிக்காதது

ப்ளூ-ரே டிஸ்க்குகள் பலவும் தத்தம் மண்டலத்து ப்ளேயரில்தான் ஓடும். அமெரிக்க க்ரைட்டீரியன் டிஸ்க் ஏ மண்டலம். இந்தியாவில் விற்கும் ப்ளேயர் சி. எல்லா மண்டலமும் ஓடும் ப்ளேயர் இல்லாமல் வாங்காதீர்கள்.

நேரம் குறைந்தால் வெட்டு என்று நினைப்பது

படம் 92 நிமிடம். ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) டிவிடியில் நொடிக்கு 24 படச்சட்டங்களுக்குப் பதில் 25 ஓடுவதால் 88 நிமிடத்தில் முடியும். எந்தக் காட்சியும் போகவில்லை.

திரையை நிரப்புவது

படச்சட்டத்தின் அகல-உயர விகிதம் 1.37:1. அகலத்திரை டிவியில் இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதே சரி. ஜூம் செய்தால் உயரத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு வெட்டுப்படும்; ரஸ்ஸலின் தொப்பிதான் முதல் பலி.

மோஷன் ஸ்மூத்திங்

டிவி தானாக இடைச்சட்டங்களைச் சேர்த்து அசைவை வழுவழுப்பாக்கும் இந்த வசதியை அணைத்துவிடுங்கள்.