பெர்சியன் பூனைக்குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் மூக்கைப் பாருங்கள்

புரசைவாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கட்டிங் மேஜைக்குக் கீழே பஞ்சு படுத்திருப்பாள், சாம்பல் நிறப் பெர்சியன், ஆறு வயது. பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, "நாங்களும் ஒண்ணு வாங்கணும்க்கா, எதைப் பார்த்து வாங்கறது?" என்று கேட்பார்கள்.

மூக்கைப் பார்த்து வாங்குங்கள் என்பேன். விற்பவர்கள் 'பஞ்ச் ஃபேஸ்' என்று சொல்லி, சப்பை மூஞ்சிக் குட்டிக்குத்தான் விலையைக் கூட்டுவார்கள். நம் ஊருக்கு அது ஆகவே ஆகாது. பூனைக்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும்தான். மூக்குத் துவாரமும் ஊசிக் காது மாதிரி இருந்தால் கத்திரி வெயிலில் அது என்ன பாடுபடும்! கண்ணீர் போகிற குழாயும் வளைந்துவிடுவதால் கன்னமெல்லாம் பழுப்பாய் வழிந்துகொண்டே இருக்கும். மூக்கு கொஞ்சம் நீண்ட 'டால் ஃபேஸ்' குட்டியைக் கேளுங்கள். அது தூங்கும்போது அருகில் காதை வைத்துப் பாருங்கள். கொர்கொர் சத்தம் வந்தால் வேண்டாம்.

வயது மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பஞ்சுவுக்கு முன்னால் ஒரு குட்டி வாங்கினேன். மூன்று மாதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வாந்தி, பேதி. பேன்லூகோபீனியா என்றார் டாக்டர், பூனைகளுக்கு வருகிற வைரஸ் நோய். ஒன்றரை மாதக் குட்டிதான், ஒரு தடுப்பூசியும் போட்டிருக்க வாய்ப்பில்லை என்றார். பிழைக்கவில்லை. அதனால் சொல்கிறேன், சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்று மாதக் குட்டி ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும். தடுப்பூசி அட்டையில் தேதியும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். முடியை விலக்கி, வட்டமாகச் சொட்டை இருக்கிறதா பாருங்கள். படர்தாமரையாக இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும்.

தாய்ப் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். இந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருகிற பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே குட்டிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஸ்கேனோ மரபணுச் சோதனையோ எடுத்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி முடி. தினமும் பத்து நிமிஷம், ஸ்டீல் சீப்பு. மேலாக வாரினால் பளபளவென்று தெரியும், அடியில் சடை விழுந்திருக்கும். காதுக்குப் பின்னால், அக்குளில், பின்னந்தொடையில்தான் முதலில் சிக்கு பிடிக்கும். நூல் சிக்கை எடுப்பது போலத்தான்: தோலை ஒட்டி முடியை விரல்களால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வர வேண்டும். சடை இறுகிவிட்டால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். சுருக்குத் தையலில் துணி ஏறி நிற்பது போல, பூனையின் மெல்லிய தோல் அந்த முடிச்சுக்குள் ஏறியிருக்கும். தினமும் கத்தரி பிடிக்கிற கையாலேயே நான் பஞ்சுவின் அக்குளை வெட்டிவிட்டேன், இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. டாக்டரிடம் மெஷின் இருக்கிறது, அவர் எடுக்கட்டும்.

குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுத்துவிடுங்கள். நனைந்தால் முடிச்சு இன்னும் இறுகும். பிறகு வேர்வரை உலர்த்த வேண்டும். இந்தப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சைதான்.

தையல் நூலை எட்டாத இடத்தில் வையுங்கள். பூனை நாக்கின் முள் உள்நோக்கி இருப்பதால் வாயில் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் செய்யும். பின்பக்கம் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் கிழியும். பாராசிட்டமால் கால் மாத்திரைகூடக் கொல்லும். பசும்பால் வேண்டாம், தண்ணீர் போதும்.

மே மாதத்தில் மத்தியானம் ஈரத்துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்து, மொசைக் தரையில் படுக்க விடுங்கள். வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தால் காத்திருக்காதீர்கள். ஆட்டோ பிடித்து உடனே டாக்டரிடம் போங்கள். எங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து, நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.