பறவை பார்க்க பழுத்த ஆலமரம் போதும்

சென்னையில் பறவை பார்க்கப் போனால் பூங்கா முழுக்கச் சுற்றாதீர்கள், பழம் பழுத்திருக்கிற ஓர் ஆலமரத்தையோ அரசமரத்தையோ கண்டுபிடித்து, விடிந்ததும் வெயில் முதுகுப்பக்கம் விழுகிற மாதிரி கொஞ்சம் தள்ளி அரை மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். எந்த மரம் என்று தெரிய முதலில் தரையைப் பாருங்கள். பாதி கொத்திய பழங்கள் ஈரமாக, விதை தெரியக் கிடந்தால் அதுதான்.

ஒரு மரத்துப் பழங்கள் பெரும்பாலும் சேர்ந்தே பழுத்து சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் குயில், மாங்குயில், மைனா, கொண்டைக்குருவி எல்லாம் அங்கேயே மொய்க்கும், குளிர்காலமென்றால் வலசை வரும் சூறைக்குருவிக் கூட்டமும் இறங்கலாம். செம்மார்புக் குக்குறுவான் பச்சை உடம்போடு இலைக்குள் மறைந்துவிடும், 'டொக் டொக்' சத்தம் மட்டும்தான் கேட்கும், ஆனால் பழத்துக்கு வரும்போது நெற்றிச் சிவப்பும் கண்ணைச் சுற்றிய மஞ்சளும் அப்படியே தெரியும். அவ்வளவு அழகு! நாம் நடக்காததால் அவை மிரள்வதும் இல்லை, விலை உயர்ந்த பைனாகுலரும் தேவைப்படாது.

பழம் தீர்ந்த மரத்தில் இது பலிக்காது, நண்பகலிலும் வேண்டாம், பறவைகள் நிழலில் அடங்கிவிடும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்து நீர்ப்பறவைகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அப்புறம், குளிர்காலத்தில் வரும் பொன்னுத்தொட்டான் சருகுக்குள் பூச்சி பொறுக்குகிற பறவை, அதைப் பார்க்க நிழலான புதர் ஓரமாகத் தரையைக் கவனித்தபடி மெல்ல நடக்கத்தான் வேண்டும்.