ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் விழுந்தால்

ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி இரவில்தான் பறக்கும். களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, மாடிக்கோ கூடத்துக்கோ வந்துவிடும்; கண்ணாடியில் மோதியும் விழும். பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு, குட்டை வால். பார்த்ததும் பிடிபடும்.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். பூனையை வெளியேற்றுங்கள். மெல்லிய பருத்தித் துண்டைப் போர்த்தி, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி எடுங்கள். மார்பை மட்டும் அழுத்தவே கூடாது. மார்பு விரிந்து சுருங்கினால்தான் பறவையால் மூச்சுவிட முடியும். செருப்பு டப்பாவில் பென்சில் பருமனில் எட்டுப் பத்துத் துளைகள் போட்டு, அடியில் துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, சந்தடியில்லாத இடத்தில் வையுங்கள். இருட்டுதான் அதற்கு மருந்து.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாவம் பார்த்து ஊற்றும் அந்தச் சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிர் போய்விடும். சோறு, பால், ரொட்டியும் வேண்டாம். அது புழுபூச்சி தின்னும் பறவை.

பகலென்றால் ஓரிரு மணி நேரம் கழித்து, இரவென்றால் விடிந்ததும், டப்பாவைப் புதர் ஓரம் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகுங்கள். காகங்கள் சூழ்ந்திருந்தால் சற்றுப் பொறுங்கள். வீட்டுக்குள் திறந்து பார்க்க வேண்டாம், மறுபடி கண்ணாடியில் மோதும்.

இறக்கை தொங்கினாலோ பூனை கடித்திருந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொடுங்கள். பூனைப் பல் பட்ட காயம் சிறிதாகத் தெரிந்தாலும் சீழ் பிடித்துக் கொன்றுவிடும்.